டிக் அடிப்பதற்கு முன்

எனக்குப் படகு வாங்கும் உத்தேசம் எதுவும் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பெரும்பாலோருக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன். நான் சொல்வது மீன்பிடிப் படகு இல்லை. 42 அடி நீளத்தில், இரண்டு படுக்கை அறை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் வைத்து, குடும்பத்தோடு வாரக்கணக்கில் கடலோரமாகவே ஊர் ஊராகப் போய்வருகிற மோட்டார் படகு. புதிதாக வாங்கினால் நம் ரூபாயில் சில கோடிகள் ஆகும். அந்தக் கோடீஸ்வரர்களின் கவலை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான்.

ஆனால், அவர்கள் படகுக்கு ஆர்டர் கொடுக்கிற விதத்தில் நம் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று இருக்கிறது. ‘எனக்கு என்ன வேண்டும்?’ என்று அடிக்கடி கேட்டுக்கொள்கிறோமே, அந்த ‘எனக்கு’ என்பது யாருக்கு? வீடு கட்டும்போதும் கார் வாங்கும்போதும்கூட இந்தக் கேள்வி வரும். படகு கொஞ்சம் கறாராகக் கேட்கும். அதனால் ஒரு பத்து நிமிஷம் நாமும் கோடீஸ்வரர்கள் ஆவோம். செலவு இல்லை.

இங்கிலாந்தின் தென் கரைக்குப் போகலாம். பூல், பிளிமத் என்று இரண்டு துறைமுக ஊர்கள். பூலில் சன்சீக்கர், பிளிமத்தில் பிரின்சஸ் என்று சொகுசு மோட்டார் படகு கட்டுவதில் பேர் வாங்கிய கம்பெனிகள் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் பொதுவாக, சவுதாம்ப்டனில் செப்டம்பர் மாதத்தில் ஒரு படகுக் கண்காட்சி நடக்கும். பளபளவென்று வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்கள். கோயிலுக்குப் போகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும். ஏறி, மெத்தையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அங்கேயே மனசு கவிழ்ந்துவிடும்.

விற்பனையாளர் முதலில் ஒரு விலை சொல்வார். அது அடிப்படைப் படகின் விலை. அந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏனென்றால் அடுத்ததாக அவர் மேஜைமேல் வைப்பது பக்கம் பக்கமாக ஒரு பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். வேண்டுமென்றால் டிக் அடிக்கலாம்.

பட்டியலைக் கொஞ்சம் புரட்டுவோம். ஏ.சி. ஜெனரேட்டர். துணி துவைக்கும் மெஷின். பாத்திரம் கழுவும் மெஷின். ஐஸ்கட்டி செய்யும் மெஷின். ஒயின் பாட்டில்களுக்கென்று தனி ஃப்ரிட்ஜ். பட்டனை அமுக்கினால் அலமாரிக்குள்ளிருந்து எழுந்து வரும் டி.வி. ராத்திரியில் படகின் அடியில் தண்ணீருக்குள் நீலமாக ஒளிவிடும் விளக்குகள். நீர்மட்டம் வரை இறங்கி ஏறும் குளியல் மேடை. தேக்குமரத் தளம். அலையில் படகு உருளாமல் பிடித்துவைக்கும் கருவி. ராடார். ஆட்டோ பைலட். கூடுதல் நங்கூரச் சங்கிலி. கடைசிப் பக்கங்களில் எங்கேயோ, லைஃப் ராஃப்ட் என்கிற காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பம்.

“எதுக்கும் இருக்கட்டுமே சார்!” என்பது உலகத்து விற்பனையாளர்கள் அத்தனை பேருக்கும் பொதுவான மந்திரம். கோடிக்கணக்கில் போட்டு வாங்குகிறவரிடம் இன்னும் சில ஆயிரம் பவுண்டுகள் என்று சொல்லும்போது அது தொகையாகவே தெரியாது. கல்யாணச் செலவில் நாமெல்லாம் பார்த்த கணக்குத்தான்.

* * *

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்த சாமியாரை உங்களுக்குத் தெரியும். பூனைக்குப் பால் வேண்டும் என்று பசு வாங்கினார். பசுவுக்குப் புல் போட ஆள் வேண்டும் என்று கல்யாணம் செய்துகொண்டார். கடைசியில் சம்சாரி ஆனார். காரணம், ஒரு முழத் துணி.

படகில் இந்தக் கதை வருஷம் முழுக்க நடக்கிறது. ஏ.சி. என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறீர்கள். மரீனாவில் கட்டி நிறுத்தியிருக்கும்போது கரையிலிருந்து கரன்ட் எடுத்துக்கொள்ளலாம். யாருமில்லாத ஒரு குடாவில் நங்கூரம் போட்டுத் தூங்கும்போது? அப்போது ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். அதன் சூட்டைத் தணிக்கக் கடல் தண்ணீர் வேண்டும். கடல் தண்ணீர் உள்ளே வர, படகின் அடிப்பாகத்தில் ஓர் ஓட்டை வேண்டும். ஏ.சி.க்கும் அதே போல ஓர் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வால்வு. அந்த வால்வு துருப்பிடித்து இறுகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெனரேட்டர் சத்தம் தாங்கவில்லை என்றால் அதைச் சுற்றி ஒரு பெட்டி. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும் என்பதால் படுக்கை அறையில் ஓர் அலாரம்.

மிதக்கிற ஒரு பொருளின் அடியில் கூடுதல் காசு கொடுத்து ஓட்டை போடச் சொல்கிறோம். யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இல்லை?

இதற்கு மேல் எடை. வீட்டில் ஒரு பீரோ கூடுதலாக வைத்தால் வீடு ஒன்றும் சொல்லாது. படகு சொல்லும். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டுபிடித்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தக் கணக்கு இங்கே ஒரு கிலோவைக்கூட மன்னிப்பதில்லை. ஏற்றிய எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கிக்கொண்டுதான் படகு மிதக்கும். வேகப் படகுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதை விட்டு, அதன்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வடிவமைக்கப்பட்டவை. எடை கூடினால் ஏறுவதற்கே திணறும். டீசலைக் குடிக்கும். வேகம் குறைகிறதே என்று பெரிய என்ஜினுக்கு டிக் அடித்தால், பெரிய என்ஜின் இன்னும் எடை.

ஆக, படகில் எதுவும் தனியாக வருவதில்லை. ஒவ்வொரு வசதியும் தன் உறவினர்களை அழைத்துக்கொண்டுதான் குடிவருகிறது. அப்படியானால் ஆசையைக் குறை, அடிப்படைப் படகே போதும் என்று முடித்துவிடலாமா? முடித்துவிட்டால் சுலபம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

* * *

படகில் அலையின் உருட்டலைக் குறைக்க ஒரு கருவி இருக்கிறது என்றேன். கைரோ என்பார்கள். கனமான சக்கரம் ஒன்று மூடிய கலத்துக்குள் அசுர வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பம்பரம் சுற்றும்போது சாயாமல் நிற்கிறதே, அதே தத்துவம். விலை அதிகம். சில நூறு கிலோ எடை. கரன்ட்டும் கேட்கும். “எனக்கெதுக்கு இது? முப்பது வருஷம் கடல்ல போனவன் நான். எனக்குக் குமட்டினதே கிடையாது” என்பார் படகுக்காரர். உண்மையாகத்தான் இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருப்பார். நாலு அடி அலை வந்தால் வாந்தி எடுத்துக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்வது அவர். கைரோ ஆடம்பரமா, அவசியமா? பேனா யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

இன்னொன்று, பௌ த்ரஸ்டர். படகின் மூக்குப் பகுதியில், நீர்மட்டத்துக்குக் கீழே குறுக்காக ஒரு சுரங்கம் மாதிரி குழாய் விட்டு, அதற்குள் ஒரு சின்ன விசிறி வைத்திருப்பார்கள். ஒரு குச்சியை இடது வலதாகத் தள்ளினால் படகின் மூக்கு பக்கவாட்டில் நகரும். நெருக்கமான மரீனாவில், காற்று அடிக்கும்போது, ஆட்டோ ஸ்டாண்டில் வண்டியைச் செருகுகிற மாதிரி படகைச் செருக உதவும். பழைய ஆசாமிகளுக்கு இதைக் கண்டால் இளக்காரம். ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் த்ரஸ்டர் என்பார்கள்.

சரி. ஓட்டத் தெரிந்தவருக்கு நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தால்?

இந்தப் படகுகளை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் பணி ஓய்வுக்கு நெருங்கியவர்கள். கணவன், மனைவி இரண்டே பேர். ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கயிறு கட்டுவார், டீ போடுவார். ஓட்டுகிறவர் தரையில் விழுந்து கிடக்கிற அந்த ஒரு நாளில், டீ போட்டவர் படகைக் கரைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அன்றைக்கு அந்தச் சின்ன விசிறி கௌரவப் பிரச்னையாக இருக்காது. ரேடியோவில் சிவப்பு மூடி போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். ஜி.பி.எஸ்ஸோடு இணைத்து, படகின் எண்ணைப் பதிந்து வைத்திருந்தால், இது எந்தப் படகு, எங்கே தவிக்கிறது என்கிற செய்தி கரையில் உள்ள கடலோரக் காவல் படைக்கும் சுற்றியுள்ள கப்பல்களுக்கும் தானாகவே போய்விடும். ரேடியோவில் பேசத் தெரிந்திருக்கவே வேண்டாம். ஆனால், அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று டீ போடுகிறவருக்கும் யாராவது முன்னாலேயே காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

படகை, நன்றாக ஓட்டுகிறவரின் நல்ல நாளுக்காகத் தேர்ந்தெடுப்பதா, பலவீனமானவரின் மோசமான நாளுக்காகத் தேர்ந்தெடுப்பதா? கண்காட்சியில் வெயில் அடிக்கும், தண்ணீர் ஆடாது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மோசமான நாளை அங்கே நினைத்துப் பார்க்க ஒரு முயற்சி வேண்டியிருக்கிறது. அந்த முயற்சியைத்தான் அறம் என்று சொல்லலாமோ என்று தோன்றுகிறது. ரொம்பப் பெரிய வார்த்தையாகத் தெரிந்தால், அக்கறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

பேனா பிடித்திருப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருக்காத இரண்டாவது ஆள், அவரேதான். இன்றிலிருந்து ஐந்து வருஷம் கழித்து இருக்கப்போகிற அவர்.

கண்காட்சியில் ஐஸ் மெஷினுக்கு டிக் அடிக்கும் மனிதர், மேல்தளத்தில் பத்து நண்பர்களோடு விருந்து நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறார். அந்த ஆளுக்காகத்தான் வாங்குகிறார். அந்த ஆள் வந்து சேரலாம், சேராமலும் போகலாம். விருந்துகள் இரண்டு நடக்கும். பிறகு நண்பர்களுக்கு முழங்கால் வலி வந்துவிடும். எப்படியிருந்தாலும் மெஷின் அங்கேயே இருக்கும், கனத்துக்கொண்டு.

டெரெக் பார்ஃபிட் என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தத்துவ அறிஞர் இருந்தார். 1984-ல் வெளியான ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ என்ற புத்தகத்தில் ஒரு விசித்திரமான வாதம் வைத்தார். இன்றைய எனக்கும், பல வருஷங்கள் கழித்து வரப்போகிற எனக்கும் உள்ள தொடர்பு நாம் நினைக்கிற அளவுக்குக் கெட்டியானது இல்லை, காலம் போகப் போக இழை இழையாக மெலிந்துகொண்டே போவது என்றார். அப்படியானால் எதிர்கால நான் கிட்டத்தட்ட இன்னொரு மனிதர். அவருக்குக் கஷ்டம் வரும்படி இன்றைக்கு நான் அலட்சியமாக நடந்துகொண்டால், அது என் சொந்த முட்டாள்தனம் என்று விட்டுவிட முடியாது. இன்னொருவருக்குத் தீங்கு செய்வது எப்படித் தவறோ அதே மாதிரி தவறு என்கிறார்.

பார்ஃபிட்டைப் படிக்காமலேயே அனுபவசாலிப் படகுக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலை இரண்டாகப் பிரிப்பார்கள். பிறகு சேர்க்கவே முடியாதவை அல்லது சேர்த்தால் படகைக் குடைந்து எடுக்க வேண்டியவை ஒரு பக்கம். எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளக்கூடியவை இன்னொரு பக்கம். என்ஜின், தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டியின் அளவு, த்ரஸ்டருக்கான சுரங்கம், கைரோ உட்காரும் இடத்துக்குக் கீழே பலமான அஸ்திவாரம் இவையெல்லாம் முதல் பக்கம். இவற்றை இன்றே முடிவுசெய்ய வேண்டும். டி.வி., ஸ்பீக்கர், எலெக்ட்ரானிக் சமாச்சாரங்கள் எல்லாம் இரண்டாம் பக்கம். படகு கட்டி முடிப்பதற்குள்ளேயே பழசாகிப்போகிற சாமான்களை ஏன் முன்கூட்டியே வாங்க வேண்டும்?

அவர்கள் செய்கிற இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. படகு கட்டும்போதே, சுவர்களுக்குப் பின்னால், முன்னிருந்து பின்வரை காலிக் குழாய்கள் சிலவற்றைப் போட்டுவைக்கச் சொல்வார்கள். அந்தக் குழாய்க்குள் ஒரு நூல் கயிறு மட்டும் ஓடும். வேறெதுவும் இருக்காது. பின்னால் எப்போதாவது ஒரு ஒயர் இழுக்க வேண்டிவந்தால், கயிற்றின் நுனியில் ஒயரைக் கட்டி மறுமுனையில் இழுத்தால் போதும். ஒரு பலகையைக்கூடப் பெயர்க்க வேண்டாம். எந்த ஒயர், எதற்காக என்று போட்டவருக்கே தெரியாது. வரப்போகிறவர் பார்த்துக்கொள்வார். இன்றைய ஆசையை நாளைய ஆளின் தலையில் கட்டாமல், அவருக்கு வழி மட்டும் விட்டுவைப்பது. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்களுக்கும் இந்தக் காலிக் குழாயைச் சிபாரிசு செய்யலாம்.

* * *

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்ற பக்கத்தில் லைஃப் ராஃப்டும் வந்துவிடும்.

உண்மைதான், அதை எந்தக் கடையிலும் எந்த நாளிலும் வாங்கலாம். தண்ணீரில் விழுந்ததும் செயற்கைக்கோளுக்கு அபயக் குரல் அனுப்புகிற ஈபெர்ப் என்ற கருவியும் அப்படித்தான். அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த பனிப்போர்க் காலத்திலேயே, இந்த விஷயத்துக்காகக் கனடாவையும் பிரான்சையும் சேர்த்துக்கொண்டு ஒன்று கூடினார்கள். 1982-லேயே அந்த ஏற்பாட்டால் முதல் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. விரோதிகள்கூடத் தள்ளிப்போடாத அந்தக் காரியத்தை, ஐஸ் மெஷின் வாங்கியவர் அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போடுவார். எப்போதும் வாங்கலாம் என்பதால் எப்போதும் வாங்காமலே போவது. மெடிக்கல் செக்-அப், உயில் எழுதுவது எல்லாம் நம்மிடம் இப்படித்தானே மாட்டிக்கொண்டு நிற்கின்றன?

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்றால், கொஞ்சம்தான் பார்த்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் 13.7 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள சொந்த உபயோகப் படகுகளுக்கு உயிர்காப்புச் சாதனங்கள் பற்றிக் கட்டாய விதிகள் உண்டு. 13.7 மீட்டர் என்பது ஏறக்குறைய 45 அடி. நம்முடைய கற்பனைப் படகு 42 அடி. மூன்று அடி குறைச்சல், அதனால் தெப்பம் வேண்டுமா வேண்டாமா என்பதை உரிமையாளரின் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள்.

“என் உயிர், என் இஷ்டம்” என்று அவர் சொல்லலாம். இங்கேதான் மூன்றாவது ஆள் வருகிறார்.

சொகுசுப் படகுகள் கட்டப்படும் அதே பூல் நகரத்தில்தான் ஆர்.என்.எல்.ஐ. என்கிற உயிர்காப்புப் படகுச் சங்கத்தின் தலைமையகமும் இருக்கிறது. 1824-ல் தொடங்கிய தர்ம ஸ்தாபனம். ஜனங்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. கடலில் யாராவது தத்தளித்தால் போகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பகலில் மீன் பிடிப்பவர், கடை வைத்திருப்பவர், வாத்தியார் வேலை பார்ப்பவர். பேஜர் அலறினால் நள்ளிரவானாலும் எழுந்து ஓட வேண்டும்.

1981, டிசம்பர் 19. கார்ன்வால் கரைக்கு அப்பால் யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பலின் என்ஜின் நின்றுபோனது. புத்தம் புதுக் கப்பல், அதுதான் முதல் பயணம். டீசலில் கடல் தண்ணீர் கலந்துவிட்டிருந்தது. சூறாவளிக் காற்று அதைப் பாறைகளை நோக்கித் தள்ளியது. கப்பலில் எட்டுப் பேர். கேப்டனின் மனைவியும் இரண்டு பெண்களும் அதில் அடக்கம். ஹெலிகாப்டர் முயன்று பார்த்தது, முடியவில்லை. மௌஸ்ஹோல் என்று எழுதி மௌசல் என்று சொல்லப்படுகிற சின்ன மீனவ ஊரிலிருந்து எட்டுத் தொண்டர்கள் மரத்தாலான உயிர்காப்புப் படகில் போனார்கள். நாலு பேரை ஏற்றிவிட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பதினாறு பேரும் இறந்துபோனார்கள். ஒரே நாளுக்குள் அதே ஊரிலிருந்து புதிய குழுவுக்குத் தேவையான ஆட்கள் முன்வந்து பெயர் கொடுத்தார்கள்.

அந்தக் கப்பல்காரர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கடலில் யார்தான் என்ன செய்திருக்க முடியும்? சொல்ல வந்தது இதைத்தான். கடலில் ஒருவருடைய ஆபத்து அவரோடு நிற்பதில்லை. காப்பாற்றப் போகிறவர்கள், ‘இவர் ஏன் தெப்பம் வாங்கவில்லை?’ என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. நாம் டிக் அடிக்காமல் விட்ட ஒரு கட்டத்துக்காக, முகம் தெரியாத ஒருவர் நள்ளிரவில் போர்வையை உதறிவிட்டு எழுந்திருக்கிறார்.

என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றா இரண்டா என்பது படகுக்காரர்களின் தீராத பட்டிமன்றம். இரண்டு இருந்தால் ஒன்று நின்றாலும் இன்னொன்று கரை சேர்க்கும் என்பது வாதம். வாஸ்தவம். ஆனால் இரண்டும் ஒரே அழுக்கு டீசலைக் குடித்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய இரட்டை ஃபில்டர் ஒன்று பட்டியலில் இருக்கும். இரண்டாவது என்ஜினின் விலையோடு பார்த்தால் அதன் விலை கொசு. அழகில்லை, யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியாது, என்ஜின் அறையின் இருட்டில் கிடக்கும். எனக்கென்னவோ, தண்ணீருக்கடியில் எரிகிற நீல விளக்குக்கு டிக் அடிப்பதற்கு முன் இந்த ஃபில்டருக்கு டிக் அடிக்கிறவரை நம்பிப் படகில் ஏறலாம் என்று தோன்றுகிறது.

* * *

நாலாவது ஆள் ரொம்பத் தூரத்தில் இருக்கிறார்.

தேக்குமரத் தளம் என்று ஒரு கட்டம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலத்தில் தேக்குக்கு ‘டீக்’ என்று பெயர் வந்ததே, தமிழிலும் மலையாளத்திலும் உள்ள ‘தேக்கு’ போர்ச்சுக்கீசியர்கள் வாயில் ‘டேகா’ ஆகி, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனதால்தான். எண்ணெய்ப் பசையுள்ள மரம். உப்புத் தண்ணீரில் அழுகாது. நனைந்தாலும் கால் வழுக்காது. அதனால் கப்பல்காரர்களுக்கு அதன்மேல் பல நூற்றாண்டு மோகம். அவர்கள் விரும்புவது பெரும்பாலும் பர்மா தேக்கு, அதுவும் தோட்டத்தில் நட்டு வளர்த்தது இல்லை, காட்டில் தானாக வளர்ந்தது. ஒரு மரம் முதிர பல பத்தாண்டுகள் ஆகும்.

மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த நாட்டில் மர வியாபாரம் அரசாங்க நிறுவனத்தின் கையில் இருப்பதால், தேக்குக்குப் போகிற பணம் ராணுவத்துக்குப் போகிறது என்று சொல்லி, அதே வருஷம் அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் பிரிட்டனும் அந்த நிறுவனத்தின்மேல் தடை விதித்தன.

2024 நவம்பரில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரக் கோர்ட், சன்சீக்கர் கம்பெனிக்கு அபராதம், பறிமுதல் தொகை, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து 3.5 லட்சம் பவுண்டுக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. மியான்மர் தேக்கு உட்பட இறக்குமதி செய்த சில மரங்கள் சட்டப்படி வெட்டப்பட்டவைதானா என்று முறையாக விசாரிக்கவில்லை என்பது குற்றம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர்கள் போய் மரத்தை வெட்டவில்லை. ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேட்க வேண்டிய அளவுக்குக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே குற்றம் என்கிறது சட்டம்.

கம்பெனிக்குச் சட்டம் சொன்னதை, வாங்குகிறவருக்கு யார் சொல்வது? தேக்கு மாதிரியே தோற்றம் தரும் செயற்கைத் தளங்கள் இப்போது வந்துவிட்டன. வெயிலில் சில வகைகள் கொஞ்சம் அதிகமாகச் சுடும். காலில் அந்த இதம் இருக்காது. அவ்வளவுதான். அந்த இதத்துக்கும், எங்கோ ஒரு காட்டில் நடப்பதற்கும் நடுவே ஒரு சின்னக் கட்டம், ஒரு பேனா. ராத்திரி முழுக்க ஓடும் உங்கள் ஜெனரேட்டர் சத்தத்தில் தூக்கம் கெடுகிற பக்கத்துப் படகுக்காரரையும் இதே வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் தூரத்தில் இல்லை, அறுபது அடி தள்ளித்தான் இருக்கிறார். ஆனாலும் ஆர்டர் கொடுக்கும்போது அவரும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

* * *

“கோடிக்கணக்கில் போட்டுப் படகு வாங்குவதே தப்பு. அதில் தெப்பம் இருந்தாலென்ன, தேக்கு இருந்தாலென்ன?” என்று ஒரு வாசகர் கோபமாக எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். அதுவும் நியாயமான கேள்விதான், பெரிய கேள்வி. ஆனால், பெரிய கேள்விக்குப் பதில் கிடைக்கிற வரை சின்னக் கேள்விகளை ஒத்திவைத்தால் வாழ்க்கையில் எதையுமே யோசிக்காமல் தப்பித்துவிடலாம். கோடி ரூபாய்க்கு வாங்குகிறவரிடமும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறவரிடமும் இருப்பது ஒரே மாதிரிக் கட்டங்கள்தான்.

விருப்பம் என்பது சொந்த விஷயம், அதில் நியாய அநியாயம் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சிலருக்குக் காபி, சிலருக்கு டீ. படகுப் பட்டியலைப் பார்த்த பிறகு எனக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. பேனா ஒருவர் கையில் இருக்கிறது. அந்த மேஜையில் இடம் கிடைக்காமல் நிற்கிறவர்கள் நாலு பேர். வாய்விட்டுக் கேட்காத, கூடவே பயணம் செய்கிற பலவீனமானவர். இன்னும் வந்து சேராத நாளைய நான். ஆபத்தில் கூப்பிட்டால் ஓடிவரப்போகிற முகம் தெரியாத தொண்டர். நம் சௌகரியத்துக்கு எங்கோ விலை கொடுக்கிறவர். நாலு பேருக்கும் கேட்டுச் சொல்ல வாயில்லை. அவர்கள் சார்பில் கேட்பதற்கு அங்கே இருப்பது பேனா வைத்திருப்பவர் ஒருவர்தான்.

அதற்காக ஐஸ் மெஷினே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நாலு பேரையும் கேட்டு முடித்த பிறகு பணமும் இடமும் மிச்சமிருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்து, அந்த வரிசையில் கேட்டுக்கொண்டு வந்தால் பட்டியலின் கடைசிப் பக்கம் முதல் பக்கமாகிவிடும். முதல் பக்கத்துச் சாமான்களில் பாதி, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அந்தக் காலிக் குழாய்க்குள் போய்விடும். கயிறு உள்ளே இருக்கிறது. தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளலாம்.